விரால் என்னய்யா பாவம் பண்ணுச்சு?

ரொம்ப நாளா மண்டைக்குள்ள ஓடிக்கிட்டு இருக்கிற ஒரு எரிச்சலை இன்னிக்கு இறக்கி வெச்சுடலாம்னு உட்கார்ந்திருக்கேன். பதிவு கொஞ்சம் நீளம். டீயோ காபியோ போட்டு எடுத்துக்கிட்டு வந்துடுங்க மக்களே.

விஷயம் இதுதான். டிவியில் ஆத்து மீன், ஏரி மீன் பற்றி வருகிற இயற்கை நிகழ்ச்சிகளில் முக்கால்வாசி மீனைப் பற்றியதே இல்லை. பயத்தைப் பற்றியது. புலிக்கு ஒரு மரியாதை இருக்கு, யானைக்குக் கண்ணீர் இருக்கு, பெங்குவினுக்குப் பின்னணியில் வயலின் இருக்கு. ஆத்து மீனுக்கு மட்டும் டமடமன்னு மேளம், ராத்திரி நேரம், டார்ச் வெளிச்சம், "இந்தத் தண்ணீருக்கு அடியில்... ஏதோ ஒன்று... காத்திருக்கிறது..." அப்படீன்னு ஒரு கட்டைக் குரல். தமிழ் டப்பிங்கில் கேட்டா இன்னும் விசேஷம். மீனைப் பற்றிச் சொல்றாங்களா, பங்களா பேயைப் பற்றிச் சொல்றாங்களான்னே சந்தேகம் வந்துடும்.

இதுல உனக்கென்னய்யா வலிக்குதுன்னு கேப்பீங்க. வலிக்குது. போன கோடையில் ஊருக்குப் போனப்ப அக்கா மகன் கண்மாயில் கால் நனைக்க மாட்டேன்னு கரையிலேயே நின்னுட்டான். "மாமா, இதுல மான்ஸ்டர் இருக்குமா?" ன்னு கேட்கிறான். அந்தக் கண்மாயில் இருக்கிறதெல்லாம் ஜிலேபிக் கெண்டையும் கொஞ்சம் கெளுத்தியும்தான். அவன் தாத்தா விரால் பிடிச்ச கண்மாய் அது. இன்னிக்கு விரால் பாக்கிறதே அபூர்வம். ஏன் இல்லாம போச்சுன்னு அவனுக்கு யாரும் சொல்லலை. இல்லாத மான்ஸ்டரைப் பற்றி மட்டும் நல்லா சொல்லிக் குடுத்திருக்காங்க. இங்கேதான் எனக்குக் கோபம்.

* * *

இந்த வகைக்கு ராஜா யாருன்னு உங்களுக்கே தெரியும். 'ரிவர் மான்ஸ்டர்ஸ்'. அனிமல் பிளானட்டில் 2009 முதல் 2017 வரை ஒன்பது சீசன் ஓடுச்சு. ஜெரமி வேட் என்கிற இங்கிலாந்துக்காரர், முன்னாள் உயிரியல் வாத்தியார், தூண்டில்காரர். அவர் மேல எனக்குத் தனிப்பட்ட கோபம் எதுவும் இல்லை. சொல்லப் போனா அவர் மீனை மதிக்கிற ஆளு. பெரும்பாலும் பிடிச்ச மீனைத் திரும்பத் தண்ணியில விடுறவர். அவரைப் பற்றிக் கடைசியில் சொல்றேன். என் சண்டை அந்த ஃபார்முலாவோட.

ஃபார்முலா என்னன்னா:

முதல்ல ஒரு வதந்தி. ஆத்துல குளிக்கப் போன யாரோ திரும்பி வரலை. அப்புறம் ஒரு பெரியவர், கையை ரெண்டு பக்கமும் விரிச்சுக் காட்டுவார். அப்புறம் மங்கலா, ஆட்டம் ஆட்டமா, ஒரு நடிப்புக் காட்சி. தண்ணிக்குள்ள இழுபடுற கால். விளம்பர இடைவேளை. திரும்பி வந்தா தூண்டில் போடுறார், மாட்டலை. விளம்பரம். ராத்திரி போடுறார், சின்ன மீன் மாட்டுது. விளம்பரம். கடைசி நாள், கடைசி மணி நேரம், தூண்டில் வளையுது. கொலைகாரன் கரைக்கு வந்தாச்சு. நாப்பத்தஞ்சு நிமிஷத்தில் அந்த மீன் என்ன சாப்பிடும், எங்கே முட்டை போடும், எப்படி மூச்சு விடும், எத்தனை மிச்சம் இருக்கு என்பதெல்லாம் ரெண்டு வரியில் முடிஞ்சு போகும்.

இது துப்பறியும் கதைய்யா. அதுவும் தீர்ப்பை முதல்லயே எழுதி வெச்சுட்டுக் குற்றவாளியைத் தேடுற கதை.

* * *

சும்மா பொத்தாம் பொதுவா திட்டக் கூடாதுன்னு மூணு கேஸ் எடுத்துக்கிறேன்.

கேஸ் நம்பர் ஒன்று: பிரான்ஹா.

இந்த மீனுக்குக் கெட்ட பேர் வாங்கிக் குடுத்ததில் முக்கியப் பங்கு ஒரு அமெரிக்க முன்னாள் ஜனாதிபதிக்கு உண்டு. தியோடர் ரூஸ்வெல்ட் 1913-14இல் பிரேசிலில் பயணம் போனார். 1914இல் புத்தகம் எழுதினார். உலகத்திலேயே மூர்க்கமான மீன் இதுதான்கிற மாதிரி எழுதி வெச்சார். அவருக்குக் காட்டுவதற்காகவே ஆத்தின் ஒரு பகுதியை வலை கட்டி அடைச்சு, மீன்களைப் பட்டினி போட்டு, அப்புறம் ஒரு மாட்டை இறக்கினாங்கன்னு பரவலா சொல்லப்படுது. அந்தக் கதை எந்த அளவு உண்மையோ, பசியில கிடக்கிற கூட்டத்தை அடைச்சு வெச்சு அதன் குணம் இதுன்னு சொன்னா, ரேஷன் கடை க்யூவைப் பார்த்து மனுஷ குணத்தை எழுதின மாதிரிதான்.

அதுக்கப்புறம் என்ன ஆச்சு? ஆன் மகுரன் போன்ற ஆய்வாளர்கள் அமேசானில் சிவப்பு வயிற்றுப் பிரான்ஹாவைப் பார்த்து ஆராய்ந்து சொன்னது: இதுங்க கூட்டமா திரியறது வேட்டைக்காக இல்லை, பயத்தால. முதலை, டால்பின், பெரிய மீன், பறவைன்னு இதுங்களைத் தின்ன வரிசையில் நிக்கிறவங்க ஏகப்பட்ட பேர். ஆட்டு மந்தை மாதிரி ஒட்டி ஒட்டிப் போகுது. பயந்தாங்கொள்ளி மீன்! இதை விட நல்ல கதை வேணுமா? உலகமே பார்த்து நடுங்குற ரவுடி, உண்மையில் ராத்திரி தனியா ரோட்டைத் தாண்டப் பயப்படுறவன்னு. ஆனா டிவியில் இன்னிக்கும் பிரான்ஹான்னா தண்ணி கொதிக்கணும், ரத்தம் பரவணும், எலும்பு மட்டும் மிதக்கணும்.

கேஸ் நம்பர் ரெண்டு: கூஞ்ச்.

இது நம்ம நாட்டுக் கேஸ். இந்தியா - நேபாள எல்லையில் ஓடும் காளி ஆறு. நேபாளத்தில் மகாகாளின்னு சொல்வாங்க. அங்கே ஆத்துல இறங்கின சிலர் காணாமல் போனாங்கன்னும், எரிந்தும் எரியாத பிணங்களைத் தின்று பழகின ராட்சசக் கெளுத்தி ஒன்று மனுஷ ருசி கண்டுடுச்சுன்னும் ஒரு கதை. வேட் போனார், ஆறடி நீளத்துக்கு, எழுபது கிலோவுக்கு மேல் ஒரு கூஞ்ச் கெளுத்தியைப் பிடிச்சார். மீன் நிஜம். எடை நிஜம். ஆனா அந்த மீன்தான் ஆளைக் கொன்றது என்பதற்கு நிரூபணம்? இன்னிக்கு வரைக்கும் கிடையாது. மலையாற்றில் சுழல் இருக்கும், வேகம் இருக்கும், பனி உருகின குளிர்ந்த தண்ணி இருக்கும். ஆள் மூழ்க இதெல்லாம் போதாதா? கர்நாடகாவிலோ தமிழ்நாட்டிலோ காவிரியில் வருஷா வருஷம் எத்தனை பேர் சுழலில் மாட்டிச் சாகிறாங்க, அதுக்கு எந்த மீன் மேல கேஸ் போட்டோம்?

இப்ப நான் ஒரு உண்மையான ராட்சசனைக் காட்டவா? அதே காளி ஆற்றில் பஞ்சேஷ்வர் என்கிற இடத்தில் 300 மீட்டருக்கு மேல் உயரமான ஒரு அணையைக் கட்டறதா திட்டம். 1996இல் இந்தியாவும் நேபாளமும் போட்ட மகாகாளி ஒப்பந்தத்தில் இருக்கு. இன்னும் கட்டலை, பேச்சுவார்த்தையிலேயே இருக்கு. கட்டினா பாய்ந்தோடும் ஆறு பல மைல் தூரத்துக்கு ஏரியா மாறிடும். ஓடும் தண்ணியில், பாறை இடுக்கில் வாழப் பழகின கூஞ்சும் மஷீரும் என்ன ஆகும்? ஆறடி மீனுக்கு ஒரு முழு நிகழ்ச்சி. முந்நூறு மீட்டர் சுவருக்கு எத்தனை நிமிஷம் குடுத்தீங்க சார்?

கேஸ் நம்பர் மூணு: தலைப்புக்கு வந்துட்டோம். விரால்.

2002இல் அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்தில் கிராஃப்டன் என்ற ஊரில் ஒரு குளத்தில் ஒருத்தர் தூண்டில் போட்டப்ப வித்தியாசமா ஒரு மீன் மாட்டுச்சு. பார்த்தா வடக்கு விரால். நம்ம ஊர் விராலுக்குப் பெரியப்பா பையன் மாதிரி. சீனா, ரஷ்யா, கொரியா பக்கத்து மீன். வீட்டில் உடம்பு சரியில்லாத ஒருத்தருக்கு சூப் வைக்கிறதுக்காக உயிரோட வாங்கி, அப்புறம் தேவைப்படாமல் குளத்தில் விட்டிருக்காங்கன்னு தெரிஞ்சுது. மலேசியாவில் இருக்கிற நண்பர்களுக்கு இது புரியும். ஆபரேஷன் ஆனவங்களுக்கும் பிள்ளை பெத்தவங்களுக்கும் புண் ஆறணும்னு அங்கே விரால் சூப்தான் முதல் வைத்தியம், ஹாருவான்னு சொல்வாங்க.

அடுத்து நடந்தது கூத்து. "நடக்கும் மீன்", "நிலத்தில் ஊர்ந்து வந்து எல்லாத்தையும் தின்னும் மீன்", "ஃபிராங்கன்ஃபிஷ்" அப்படீன்னு பட்டங்கள். குளத்தில் மருந்து ஊத்தி மொத்த மீனையும் கொன்னாங்க. 2004இல் விராலை வில்லனா வெச்சு ரெண்டு திகில் படமே வந்துச்சு. சரி, சினிமாக்காரன் அப்படித்தான் பண்ணுவான். நேஷனல் ஜியாகிரபிக் என்ன பேர் வெச்சுது தெரியுமா? 'ஃபிஷ்ஸில்லா'. காட்ஸில்லா மாதிரி ஃபிஷ்ஸில்லா. நம்ம பாட்டி மண்சட்டியில் குழம்பு வெச்ச விரால் வம்சத்தைக் கட்டடத்தை இடிக்கிற ஜந்து ரேஞ்சுக்குக் கொண்டு போயிட்டாங்க :-)

ஒண்ணு தெளிவா சொல்லிடறேன், அப்புறம் பின்னூட்டத்தில் வந்து கும்மக் கூடாது. வெளியூர் மீன் ஒரு ஆத்துக்குள்ள நுழையறது நிஜமான பிரச்சனை. மிக மோசமான பிரச்சனை. மேரிலாந்துக்காரங்க கவலைப்பட்டதில் தப்பே இல்லை. ஆனா அந்தக் கதையில் குற்றவாளி மீன் இல்லை, உயிரோட ஏத்தி இறக்கி வித்த வியாபாரமும் அதைக் கட்டுப்படுத்தாத சட்டமும். அதுக்குப் பல்லு கிடையாது, செதில் கிடையாது, க்ளோஸ்-அப் வைக்க முடியாது. அதனால மீனுக்கு வெச்சாங்க.

இந்தக் கதையின் க்ளைமாக்ஸ் பிரமாதம். 2024இல் அதே மேரிலாந்து சட்டம் போட்டு அந்த மீனுக்குப் பேரை மாத்திட்டாங்க. 'செசபீக் சன்னா'. எதுக்கு? பேர் நல்லா இருந்தா ஜனங்க வாங்கித் தின்னுவாங்களாம்! இருபத்திரெண்டு வருஷத்துக்கு அப்புறம் எங்க பாட்டி வழிக்கு வந்துட்டாங்க. பயமுறுத்தற பேரை வெச்சு யாரும் எதையும் தீர்க்கலை. சாப்பிடுற பேரை வெச்சுத்தான் தீர்க்கப் பாக்கறாங்க.

* * *

"சரி, மான்ஸ்டர் டைப்பை விடு. பிபிசி மாதிரி நல்ல படமெல்லாம் வருதே" ன்னு ஒரு கட்சி சொல்லும். வாங்க, அங்கேயும் பாக்கலாம்.

'ப்ளூ பிளானட்' 2001, எட்டுப் பகுதி. 'ப்ளூ பிளானட் 2' 2017, ஏழு பகுதி. அத்தனையும் கடல். பேரே அப்படித்தான், சரி. 'பிளானட் எர்த்' 2006இல் நன்னீருக்குன்னு ஒரு பகுதி இருந்துச்சு. அதுல சால்மன் மீன் ஆத்தை எதிர்த்து ஏறி வருது, எதுக்கு? கரடி வாயில் போறதுக்கு. நீர்நாய், முதலை, டால்பின், கொக்கு, வாத்து எல்லாம் ஹீரோ. மீனுக்குப் பெரும்பாலும் சாப்பாட்டு வேஷம். 'பிளானட் எர்த் 2', 2016: தீவு, மலை, மழைக்காடு, பாலைவனம், புல்வெளி, நகரம். ஆறு பகுதி. நகரத்துக்குக் கூட இடம் இருக்கு. ஆத்துக்கும் ஏரிக்கும் தனியா ஒரு பகுதி கிடையாது! நன்னீர்ப் பகுதி திரும்ப வந்தது 2023இல், 'பிளானட் எர்த் 3'ல்.

உலகத்தில் இருக்கிற மீன் வகைகளில் பாதிக்கு மேல் நன்னீர் மீன்கள். பதினெட்டாயிரம் வகைக்கு மேல். ஆறும் ஏரியும் பூமிப் பரப்பில் ஒரு சதவீதம் கூட இல்லை. ஒரு சதவீத இடத்தில் பாதி மீன் வகை! ஒண்டுக் குடித்தனம்னா இதுதான். இவ்வளவு சுவாரசியமான இடத்துக்கு டிவியில் ரெண்டே வேஷம்தான். ஒண்ணு கொலைகாரன். இல்லைன்னா கரடிக்கு மத்தியானச் சாப்பாடு.

கேமரா பிரச்சனை இருக்குன்னு ஒத்துக்கறேன். பவளப்பாறைத் தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கும். நம்ம ஆத்துத் தண்ணி டீ மாதிரி இருக்கும். எடுக்கிறது கஷ்டம். ஆனா ராத்திரி இருட்டில் சிங்கத்தை எடுக்க வெப்பக் கேமரா கண்டுபிடிச்சவங்க, பனிக்கட்டிக்கு அடியில் போய் எடுக்கிறவங்க, கலங்கின தண்ணிக்கு மட்டும் கையை விரிச்சா எப்படி? கஷ்டம்கிறது ஒரு காரணம். காசு வராதுன்னு நினைக்கிறது நிஜக் காரணம்.

* * *

"டிராமா இல்லாம யாருய்யா பார்ப்பா?" இதுதான் எதிர்த் தரப்பின் பிரம்மாஸ்திரம். எனக்கு ரொம்பச் சிரிப்பு வர்ற கேள்வியும் இதுதான். டிராமா இல்லைன்னு யார் சொன்னது? நானே நாலு கதை தர்றேன், காப்பிரைட் வேண்டாம், எடுத்துக்கங்க.

ஒண்ணு. அதே விரால். செடிகொடியை ஒதுக்கி வட்டமாக் கூடு கட்டும். முட்டை மிதக்கும். அப்பன் விரால் காவல் நிக்கும். குஞ்சு பொரிச்சதும் செக்கச் செவேல்னு ஒரு பந்து மாதிரி கூட்டமாத் திரியும், அடியில் பெத்தவங்க காவல். அந்த நேரத்தில் தவளை கிட்டப் போனாலும் பாய்ஞ்சு அடிக்கும். கிராமத்து நண்பர்கள் கண்மாய்க் கரையில் நின்னு இதைப் பார்த்திருப்பீங்க. தண்ணி வத்தினா சேத்துக்குள்ள இறங்கி, காத்தைக் குடிச்சு உயிரை வெச்சிருக்கும். பிள்ளைக்குக் காவல் நிக்கிற அப்பன், பஞ்சத்தில் சேத்துக்குள்ள உயிரைப் பிடிச்சுக்கிட்டு இருக்கிற குடும்பம். இது டிராமா இல்லையா?

ரெண்டு. பனையேறிக் கெண்டை. 1791இல் தரங்கம்பாடியில் டேனிஷ் கம்பெனியில் வேலை பார்த்த டால்டார்ஃப் என்கிற லெப்டினன்ட், குளத்தோரப் பனைமரத்தில் தண்ணி மட்டத்திலிருந்து ஐந்தடி உயரத்தில் இந்த மீன் ஏறிக்கிட்டு இருந்ததைக் கண்ணால் பார்த்தேன், கையால் பிடிச்சேன்னு எழுதினார். 1797இல் லண்டன் லின்னேயன் சொசைட்டி அதை அச்சிட்டது. அதுக்கப்புறம் நூத்துக் கணக்கான வருஷம் உலகம் முழுக்க இதே பேச்சு. மீன் தரையில் நகரும், அது உண்மை. செவுள் மூடியை ஊன்றி ஊன்றிப் போகும். ஆனா பனை ஏறுமா? காக்காயோ பருந்தோ தூக்கிட்டுப் போய் மரத்தில் போட்டிருக்கும்னு பின்னாளில் ஒரு ஆய்வாளர் சொன்னார். ஒரு நேரில் பார்த்த சாட்சி எப்படி ரெண்டு நூற்றாண்டு ஓடும், அதை எப்படிக் கேள்வி கேட்கணும் என்பதற்கு இதை விட நல்ல பாடம் கிடையாது. மான்ஸ்டர் நிகழ்ச்சியில் கையை விரிச்சுக் காட்டுற பெரியவரை டால்டார்ஃபைக் கேட்ட மாதிரிக் கேட்டிருந்தா பாதி எபிசோடு இருக்காது.

மூணு. விலாங்கு. நம்ம ஆத்துல வளர்ந்து, முட்டை போடக் கடலுக்குப் போகும். குஞ்சு திரும்பக் கடலில் இருந்து ஆத்துக்கு ஏறி வரும். அது கடலில் முட்டை போடுறதை இதுவரைக்கும் யாரும் கண்ணால் பார்த்ததில்லை. மர்மம் மர்மம்னு கத்துறீங்களே, இது மர்மம் இல்லையா? இதன் எதிர்ப்பக்கம் உள்ளம். வங்காளத்தில் இலிஷ்னு கொண்டாடுற அதே மீன். கடலில் வளர்ந்து காவிரியில் ஏறி வந்து முட்டை போட்டது. கொள்ளிடத்தில் கீழணை, அப்புறம் 1934இல் மேட்டூர். ஏறி வர வழி போச்சு. ஒரு நூற்றாண்டுக்கு முன்னாடியே மதராஸ் மீன்துறை கீழணையில் உள்ளம் குஞ்சு பொரிக்க வெச்சுப் பார்த்தது. காவிரிக் கரையில் இன்னிக்கு எத்தனை பேருக்கு உள்ளம் என்கிற பேர் தெரியும்?

நாலு. திமில் மஷீர். காவிரிக்கு மட்டுமே சொந்தமான மீன். ஆரஞ்சுத் துடுப்பு, முதுகில் திமில். 1946இல் கபினியில் வான் இங்கன் என்பவர் தூண்டிலில் பிடிச்சது 120 பவுண்டு, அதாவது 54 கிலோ. வெள்ளைக்காரத் தூண்டில்காரங்க 19ஆம் நூற்றாண்டில் இருந்து துரத்தின மீன். ஆனா அதுக்கு உறுதியா ஒரு அறிவியல் பேர் கிடைச்சது எப்போ? 2018இல். டோர் ரேமாதேவி. பாம்பாற்றில் கிடைச்ச சின்ன மீன்களை வெச்சு 2007இல் வெச்ச பேர் அது. இந்த ராட்சசனும் அந்தச் சின்ன மீனும் ஒண்ணுதான்னு 2018இல்தான் நிரூபிச்சாங்க. அதே வருஷம் அழிவின் விளிம்பில் இருக்கிற மீன்னு உலகப் பாதுகாப்பு அமைப்பு பட்டியல் போட்டது. யோசிச்சுப் பாருங்க. நூத்தி அம்பது வருஷமாத் தெரிஞ்ச மீன், மனுஷன் எடைக்கு வளர்ற மீன், பேர் வெச்சப்ப ஏறக்குறைய முடிஞ்சு போச்சு. அணை, மணல் அள்ளுறது, வெடி வெச்சுப் பிடிக்கிறது, நல்லது பண்றோம்னு வெளியில் இருந்து கொண்டு வந்து விட்ட வேற மஷீர் எல்லாம் சேர்ந்து. மாயாற்றில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கு.

இதுல எந்தக் கதைக்கு டமடம மேளம் தேவைப்படுது சொல்லுங்க?

* * *

இப்ப முக்கியமான பாயிண்ட். இதெல்லாம் வெறும் ரசனைப் பிரச்சனை இல்லை. மான்ஸ்டர்னு சொல்றதால ஆகிற கெடுதல் ரெண்டு.

முதலாவது, பயந்ததைக் காப்பாத்த யாரும் வர மாட்டாங்க. அமெரிக்காவின் முதலை வாய் மீன், அலிகேட்டர் கார்னு சொல்வாங்களே, அதைப் பார்த்தா நடுக்கம் வரத்தான் செய்யும். எட்டடி வளரும், வாயெல்லாம் பல்லு. அது மனுஷனைத் தாக்கினதா உறுதியான ஒரு சம்பவம் கூடக் கிடையாது. ஆனா 1930களில் டெக்சாஸில் அதைக் கொல்லவே மின்சாரம் பாய்ச்சுற படகு கட்டினாங்க, அரசாங்கமே. இல்லினாய் மாநிலத்தில் மொத்தமா இல்லாம போச்சு. அப்புறம் புத்தி வந்து, இன்னிக்கு அங்கே வளர்த்துக் கொண்டு போய் விடறாங்க. டெக்சாஸில் 2009இல் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒண்ணுதான் பிடிக்கலாம்னு வரம்பு வெச்சாங்க. கெட்ட பேர் ஒரு மீனை எவ்வளவு தூரம் துரத்தும்னு பாருங்க.

ரெண்டாவது, இது இன்னும் வேடிக்கை. மான்ஸ்டர்னா மனுஷனுக்கு வீட்டுல வெச்சுக்க ஆசை வரும். நம்ம ஊர் மீன் தொட்டிக் கடைகளில் "மான்ஸ்டர் ஃபிஷ்"னே தனி வியாபாரம் ஓடுது. குட்டியா வாங்கறான், ஆறு மாசத்தில் தொட்டி பத்தலை, ராத்திரியோட ராத்திரியா ஏரியில் விட்டுடறான். 2023இல் காஷ்மீர் தால் ஏரியில் அலிகேட்டர் கார் கிடைச்சது. டெக்சாஸ் எங்கே, ஸ்ரீநகர் எங்கே! 2018 கேரள வெள்ளத்துக்கு அப்புறம் அமேசான் அரபைமா அங்கே ஆத்துல கிடைச்சது. சென்னை ஏரிகளில் வலை போட்டா டேங்க் கிளீனர் மீன் கூடை கூடையா வருது, விக்கவும் முடியாது, வலையையும் கிழிச்சுடும்னு மீனவர்கள் தலையில் அடிச்சுக்கறாங்க. டிவி மட்டும்தான் காரணம்னு நான் சொல்லலை. ஆனா ஆசையைத் தூண்டிவிட்ட பங்கு அதுக்கு இல்லைன்னு யாராவது சொன்னா நம்ப மாட்டேன்.

இன்னொண்ணு. மிரட்டி மிரட்டிப் பார்வையாளனைப் பழக்கினா, எது நிஜம் எது கதைன்னு அவனுக்கும் தெரியாமப் போகும். 2012இல் இதே அனிமல் பிளானட் கடற்கன்னி இருக்குன்னு டாகுமெண்டரி வேஷத்தில் ஒரு கற்பனைப் படம் போட்டுச்சு. ஜனங்க விசாரிக்க ஆரம்பிச்சு, கடைசியில் அமெரிக்க அரசின் கடல் ஆய்வு நிறுவனம் "கடற்கன்னிக்கு ஆதாரம் எதுவும் இல்லை"ன்னு தகவல் பக்கம் போட வேண்டியதாப் போச்சு. சிரிக்காதீங்க, நிஜம்.

* * *

இந்தக் கூத்து நடந்த அதே வருஷங்களில் நிஜத்தில் என்ன நடந்துச்சு?

யாங்சி ஆத்தில் சீனத் துடுப்புமூக்கு மீன் இருந்துச்சு. உலகத்தின் மிகப் பெரிய நன்னீர் மீன்களில் ஒண்ணு. கத்தி மாதிரி நீண்ட மூக்கு. 1981இல் கெஜௌபா அணை ஆத்தை மறிச்சது. முட்டை போட மேலே போக வழி இல்லை. உயிரோட கடைசியாப் பார்த்தது 2003இல். 2022இல் அழிஞ்சு போச்சுன்னு அதிகாரபூர்வமா அறிவிச்சாங்க. ரிவர் மான்ஸ்டர்ஸ் முதல் எபிசோடு வர்றதுக்கு ஆறு வருஷம் முன்னாடியே உலகத்தின் நிஜமான ராட்சச மீன் ஒண்ணைக் கடைசியாப் பார்த்தாச்சு!

ஆறு விட்டு ஆறு, கடல் விட்டு ஆறு போற நன்னீர் மீன்களைக் கணக்கெடுத்ததில் 1970க்கும் 2020க்கும் நடுவில், கண்காணிச்ச கூட்டங்களின் அளவு சராசரியா 81 சதவீதம் குறைஞ்சிருக்குன்னு 2024 அறிக்கை சொல்லுது. நன்னீர் மீன் வகைகளில் கால்வாசிக்கு மேல் அழியும் ஆபத்தில் இருக்குன்னு 2025 ஜனவரியில் 'நேச்சர்' இதழில் ஆய்வு வந்துச்சு. நம்ம நொய்யலை எடுத்துக்கங்க. சாயக் கழிவு வந்து ஒரத்துப்பாளையம் அணையே சாய அணையா மாறி, 2011இல் உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொல்ற அளவுக்குப் போச்சு. அந்த ஆத்துல மனுஷனை மீன் தின்னலை. மீனை யார் தின்னாங்க?

ஆத்தோட ராட்சசன் யாருன்னு தேடி உலகம் பூரா சுத்த வேண்டியதே இல்லை. கேமராவைத் திருப்பி வெச்சாப் போதும்.

* * *

வேட் பற்றிக் கடைசியில் சொல்றேன்னேன். மனுஷன் நேர்மையானவர். நிறைய எபிசோடில் முடிவில், "இந்த மீனைப் பார்த்து நாம பயப்பட வேண்டியதில்லை, இதுதான் நம்மைப் பார்த்துப் பயப்படணும்"கிற ரீதியில் பேசுவார். 2018இல் 'மைட்டி ரிவர்ஸ்'னு ஆறுகளின் உடல்நிலை பற்றியே ஒரு தொடர் பண்ணினார். உங்களில் எத்தனை பேர் பார்த்தீங்க? பாருங்க, மான்ஸ்டர்கிற வார்த்தையை எடுத்ததும் நமக்கே தெரியலை. அதனால குத்தம் சேனல் மேல மட்டும் இல்லை, ரிமோட் வெச்சிருக்கிற கை மேலயும் இருக்கு. ஆனா நாப்பது நிமிஷம் பயமுறுத்திட்டு ரெண்டு நிமிஷம் புத்தி சொன்னா, வீட்டுக்குப் போறப்ப மனசில் நிக்கிறது நாப்பது நிமிஷம்தான். அதுக்கு என் அக்கா மகனே சாட்சி.

ஒழுங்கா பண்ண முடியும்கிறதுக்கும் ஆள் இருக்கு. ஜெப் ஹோகன் என்கிற மீன் ஆய்வாளர். நிகழ்ச்சிக்குப் பேர் 'மான்ஸ்டர் ஃபிஷ்'தான், அதுல எனக்கு வருத்தம் உண்டு. ஆனா அவர் மீகாங் ஆத்தில் மீனவர்களோட சேர்ந்து வேலை செய்யறார். 2022இல் கம்போடியாவில் 300 கிலோ திருக்கை ஒண்ணு மீனவர் தூண்டிலில் மாட்டுச்சு. உலகத்தில் பதிவான மிகப் பெரிய நன்னீர் மீன். வெட்டி விக்கலை. அவர் குழுவோட சேர்ந்து, அடையாளக் கருவி பொருத்தித் திரும்ப ஆத்திலேயே விட்டாங்க. 'போராமி'ன்னு பேரும் வெச்சாங்க, முழு நிலவுன்னு அர்த்தம். முந்நூறு கிலோ மீனுக்கு நிலாப் பேர்! இதைப் படிச்சப்ப உண்மையிலேயே சந்தோஷமா இருந்துச்சு.

அதனால எனக்கு வேண்டியது பெருசா ஒண்ணும் இல்லை. மீன் ஆளைக் கொன்னுச்சுன்னு சொன்னா ஆதாரம் காட்டு, இல்லைன்னா வதந்தின்னு சொல்லு. மீனைக் காட்டும்போது அது எப்படி வாழுதுன்னு காட்டு, தூண்டிலில் தொங்குறதை மட்டும் காட்டாதே. ஆத்தைக் காட்டும்போது அணையையும் குழாயையும் மணல் லாரியையும் ஃப்ரேமுக்கு வெளியில் தள்ளாதே. அப்புறம், மீனோட ஊர்ப் பேரைச் சொல்லு. அந்தக் கரையில் பல நூறு வருஷமாப் பிடிக்கிறவனுக்கு அந்த மீனுக்கு மான்ஸ்டர்னு பேர் கிடையாது.

நம்ம பக்கம் செய்ய வேண்டியதும் ஒண்ணு இருக்கு. அயிரை, ஆரல், உளுவை, குறவை, கெளிறு, வாளைன்னு நம்மகிட்ட பேராவே ஒரு கடல் இருக்கு. சங்கப் பாட்டில் வர்ற மீன் பேர் இன்னிக்கும் சந்தையில் கூவி விக்கிற பேரா இருக்கிறது எத்தனை மொழிக்கு வாய்க்கும்? ஒவ்வொரு பேரும் மறைஞ்சா அந்த இடத்தில் ஒரு மான்ஸ்டர் வந்து உட்கார்ந்துக்கும். உங்க ஊர் குளத்தில், ஆத்துல, வாய்க்காலில் என்ன மீன் இருந்துச்சு, உங்க ஊரில் அதுக்கு என்ன பேர், இப்ப இருக்கா இல்லையான்னு பின்னூட்டத்தில் எழுதுங்க. முடிஞ்சா தனிப் பதிவாப் போட்டுச் சுட்டி குடுங்க. யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, பினாங்கு நண்பர்களும் சேர்த்துத்தான் சொல்றேன்.

டிஸ்கி 1: "அப்ப நீ விரால் சாப்பிட மாட்டியா?" ன்னு கேட்க நினைக்கிறவங்களுக்கு: சாப்பிடுவேன். நல்லாவே சாப்பிடுவேன். சாப்பிடுறதுக்கும் கேவலப்படுத்துறதுக்கும் வித்தியாசம் உண்டு.

டிஸ்கி 2: அக்கா மகனுக்கு விரால் குஞ்சுக் கூட்டம் காட்டறதா வாக்குக் குடுத்திருக்கேன். எந்த ஊர்க் கண்மாயில் இன்னும் இருக்குன்னு தெரிஞ்சவங்க சொன்னா புண்ணியமாப் போகும்.